மகளின் வயதில் நான் குறைத்த மூன்று ஆண்டுகள்

1

என் மகள் அமுதாவின் வயதில் மூன்று ஆண்டுகளை நான் குறைத்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை அவளுக்கு எட்டு வயது. பெங்களூரில் ஒரு பள்ளியில் இடம் வாங்குவதற்காகச் செய்தேன். இரண்டாம் முறை அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அப்போது ஒரு சம்பந்தத்தை முடிப்பதற்காகச் செய்தேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். இரண்டு முறையும் அவளைக் கேட்கவில்லை.

குடியாத்தம் நண்பர்கள் கொண்டுவரும் இந்த மலருக்கு ஆண்டுதோறும் பெங்களூரிலிருந்து ஏதாவது எழுதி அனுப்புகிறேன். சாலை நெரிசல், கன்னடம் பேசப் போய் அசடு வழிந்த கதை, நம் ஊர்க் காய் கிடைக்காத ஏக்கம். படித்துவிட்டுத் தொலைபேசியில் சிரிப்பீர்கள். இந்த ஆண்டு சிரிக்க ஒன்றும் இல்லை. பயத்தில் எழுதுகிறேன்.

வயதைக் குறைப்பது நம்மிடையே ஒரு குற்றமாகவே இருந்ததில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். தலைமை ஆசிரியர் வைத்த தேதி. அரசு வேலையில் இரண்டு வருடம் கூடுதலாக இருக்கலாம் என்று அப்பாக்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அப்படிக் குறைந்த வயதால் யாருக்கும் கேடு வந்து நான் பார்த்ததில்லை. நான் பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

2

நான் விலங்கியல் விரிவுரையாளன். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்ததும், மனைவி விசாலத்தையும் அமுதாவையும் அழைத்துக்கொண்டு ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தேன். இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறோம். அமுதா குடியாத்தத்தில் தமிழ் வழியில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வாள், அதற்கு மேல் வராது. கன்னடம் ஓர் எழுத்தும் தெரியாது.

பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு தமிழ்க் கிறித்தவப் பெண்மணி. அமுதாவிடம் ஒரு பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வருத்தமாகத்தான் சொன்னார்.

“ஒண்ணாங் கிளாஸ்லதான் சார் போட முடியும். ஆனா எட்டு வயசுப் பொண்ணை அஞ்சு வயசுப் பசங்களோட உக்கார வைக்க எனக்கு ரூல் இல்ல.”

வெளியே வந்தேன். பள்ளி எழுத்தர் பின்னாலேயே வந்தார். “ஒந்து அஃபிடவிட் மாடிஸி சார், அஷ்டே” என்றார். ஒரு பிரமாணப் பத்திரம் போதும், அவ்வளவுதான். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று வழி சொல்வதுபோல் சொன்னார்.

குடியாத்தம் பள்ளியின் மாற்றுச் சான்றிதழைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். என் மகள் இதுவரை பள்ளிக்கே போனதில்லை என்று நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தட்டச்சுக்காரரிடம் சொன்னேன். “ஏஜ் எஷ்டு ஹாக்லி?” என்று விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். எவ்வளவு போடட்டும்? “ஐது” என்றேன். ஐந்து. இந்த ஊரில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் கன்னடச் சொல் அதுதான்.

திரும்பும்போது பேருந்தில் அமுதாவிடம் சொன்னேன். “யாராவது கேட்டா அஞ்சு வயசுன்னு சொல்லணும், சரியா?”

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப எனக்கு எட்டு வயசு மறுபடியும் வருமாப்பா?”

“வரும்.”

“அப்ப திரும்பவும் சாக்லேட் குடுப்பீங்களா, எல்லாருக்கும்?”

சிரித்துவிட்டேன். நல்ல ஏற்பாடு என்றே அவளுக்கும் பட்டது. எனக்கும் பட்டது.

அந்த வருடமும் கல்லூரியில் கருமுட்டை உருவாகும் பாடத்தை நடத்தினேன். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன, பிறந்தபின் புதிதாக உண்டாவதில்லை, அவளுடைய வயது எதுவோ அதுவே அவற்றின் வயது என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். பாடமும் என் வீடும் எனக்கு வேறு வேறாகவே இருந்தன.

3

வகுப்பில் அமுதாதான் உயரம். காலை வணக்கத்தில் கடைசியாக நிற்பாள். கூடப் படித்த பிள்ளைகள் அவளை “அக்கா” என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அவள் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, அக்காவாகவே நடந்துகொண்டாள்.

ஐந்தாம் வகுப்பில் பெரியவளானாள். ஆசிரியை விசாலத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். “ஒன்பது வயசுலயா? எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துடுங்கம்மா.”

“எங்க பக்கமே அப்படித்தாங்க டீச்சர். தண்ணி வாகு” என்று சொல்லிவிட்டு வந்த விசாலம், வீட்டுக் கதவைச் சாத்தியதும் என்மேல் பாய்ந்தாள். “உங்க அஃபிடவிட்டு சர்க்காருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். எம்பொண்ணு வயித்துக்குத் தெரியலையே!”

அதற்கும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வின்போது அமுதாவே சொன்னாள், “ஓட்டுப் போடற வயசுல நான் டென்த் எழுதறேம்பா.” அப்போதே அவள் எங்களைவிட்டு விலகத் தொடங்கியிருந்தாள். தோழிகளிடம் கன்னடம், தொலைபேசியில் ஆங்கிலம், எங்களிடம் பசிக்கிறது, வருகிறேன், போகிறேன். நகரத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று இந்த மலரிலேயே ஒரு முறை எழுதியிருக்கிறேன். தன்னைப் பற்றிய ஒரு விவரத்தை எல்லாரிடமும் மறைத்து வளரும் பெண் யாரிடம்தான் நெருங்குவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தைந்து என்று ஊர் நினைத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு. வெட்கமான ஒன்றைச் சொல்கிறேன். எனக்கே அந்தச் சான்றிதழ் வயதுதான் மனதில் நின்றது. இன்னும் காலம் இருக்கிறது என்று வரன்களை நிதானமாகப் பார்த்தேன். பார்த்த வரன்களையும் ஜாதகம் தட்டிவிட்டது. அவள் மூல நட்சத்திரம். பெண் மூலம் என்றதும் தரகர் கொண்டுவந்த தாளைத் திரும்ப மடித்துவிடுவார்கள்.

4

குடியாத்தம் ஜோசியரிடம் கணினி இருந்தது. சான்றிதழில் உள்ள வருடத்தைக் காட்டி, இதற்கேற்ற ஜாதகம் வேண்டும் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“தேதி அதேதானே சார்? வருஷத்தை மட்டும் தள்ளிடறேன்” என்று தட்டினார். திரையைப் பார்த்துத் துள்ளினார். “அட, மூலம் போயி திருவோணம் வந்துடுச்சு! செவ்வாயும் எடத்தை விட்டுட்டாரு. மூணு வருஷம் கழிச்சே பெத்திருக்கலாம் சார் நீங்க!”

பிரகாஷ் தருமபுரிப் பையன். அவருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் வேலை. அப்போது அவருக்கு முப்பத்தொன்று. ஜாதகப்படி அமுதா ஒரு வயது இளையவள். உண்மையில் இரண்டு வயது மூத்தவள். பொருத்தம் பிரமாதம் என்று சம்பந்தியம்மா வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டார்.

நிச்சயம் முடிந்து இரண்டு பேரும் பேசிப் பழகிய பிறகு அமுதா என்னிடம் வந்தாள்.

“அவர்கிட்ட நானே சொல்லிடறேம்பா. அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டார்.”

“அவர் நெனைக்க மாட்டார். அவங்க அம்மா? பத்திரிகை அடிச்சாச்சு கண்ணு.”

“பொய்யோட போகணுமா அந்த வீட்டுக்கு?”

“ஒரு குழந்தை பொறக்கட்டும். அப்புறம் யாரும் எதையும் தோண்ட மாட்டாங்க” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அம்மாமேல் சத்தியம் செய் என்று அவள் கையைப் பிடித்து விசாலத்தின் தலையில் வைத்தேன். விசாலம் தடுக்கவில்லை. அமுதா கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் செய்தவற்றில் மிகக் கெட்டது எது என்று கேட்டால், பிரமாணப் பத்திரத்தையும் ஜாதகத்தையும் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வேன்.

5

இன்னும் முப்பதுதானே என்று கணவனும் மனைவியும் ஒன்றரை வருடம் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். அதாவது, முப்பதுதானே என்று பிரகாஷ் சொன்னார். அமுதா எதுவும் சொல்லவில்லை. பிறகு வேண்டும் என்று நினைத்தபோது மாதங்கள் போயின. ஆறேழு மாதம் கழித்து ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனாள். பிரகாஷுக்கு அன்று வேலை. நான் துணைக்குப் போனேன்.

மருத்துவர் கன்னடப் பெண்மணி. நோயாளி தமிழ் என்றால் தமிழிலேயே பேசுவார். கோப்பைப் பார்த்துவிட்டு, “முப்பத்திரண்டுதானே? அவசரம் இல்லம்மா. ஒரு வருஷம் டிரை பண்ணிட்டு வாங்க. முப்பத்தஞ்சு ஆயிருந்தா ஆறு மாசத்துக்கே எல்லா டெஸ்டும் ஆரம்பிச்சிருப்பேன்” என்றார்.

அமுதாவுக்கு அன்று முப்பத்தைந்து.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தாயும் சேயும் சிரிக்கும் படத்தைப் பார்த்தேன். “டாக்டர் சொல்றபடியே செய்வோம்” என்றேன்.

அந்த வருடத்தை அப்படிக் கழித்தோம். முப்பதுகளின் நடுவிலிருந்து கரு உண்டாகும் வாய்ப்பு ஒவ்வொரு வருடமும் வேகமாகக் குறைகிறது என்பது எனக்குத் தெரியாததா? தேர்வுக்கு வினாவாகவே கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் கரு நின்றது. மூன்றாம் மாதம் கலைந்தது. மருத்துவமனை நடையில் பிரகாஷ் சுவரில் சாய்ந்து அழுதார். மருத்துவர் அவரிடம், “இந்த வயசுல இது தற்செயலா நடக்கறதுதான். வயசு இருக்கு, பயப்படாதீங்க” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரகாஷ் எழுந்தார். உள்ளே போய் அமுதாவிடம், “பாத்தியா, வயசு இருக்குன்னு சொல்லிட்டாங்க” என்றார். அமுதா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

இள வயதுப் பெண்ணுக்கும் கரு கலையும். முப்பத்தாறிலும் நல்லபடியாகப் பெற்றவர்கள் ஏராளம். அந்தக் கரு என் பொய்யால் போனது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் என்ன நடந்தது என்று தேட வேண்டிய நேரத்தில், தேட வேண்டாம் என்று ஒரு தவறான எண் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்த எண்ணைக் கொடுத்தவன் நான்.

6

இந்த ஆண்டு மீண்டும் கரு உண்டானது. மூன்றாம் மாதம் தாண்டும் நேரத்தில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். ஒரு காலை நான் ஜீவனஹள்ளி முனையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது பிரகாஷிடமிருந்து வாட்ஸப் வந்தது. “மாமா, லோ ரிஸ்க்! ஸ்வீட் ரெடி பண்ணுங்க.” கூடவே அறிக்கையின் படம்.

கீரைக்காரம்மாவை நிற்கவைத்துவிட்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே, தாயின் வயது முப்பத்து நான்கு என்று இருந்தது. அவளுக்கு முப்பத்தேழு.

வாசகர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். குரோமோசோம்கள் கருமுட்டைக்குள் இணை இணையாகப் பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. பெண்ணின் வயது கூடக்கூட, பிரியும் நேரத்தில் அவை சரியாகப் பிரியாமல் போவதும் கூடுகிறது. அப்படிப் போனால் கரு கலையலாம், குழந்தை குறைபாட்டோடு பிறக்கலாம். இந்தப் பரிசோதனை முதலில் தாயின் வயதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த வயதுக்குரிய ஆபத்திலிருந்து தொடங்கி, ஸ்கேனும் இரத்தமும் சொல்வதைச் சேர்த்து மேலேயோ கீழேயோ நகர்கிறது. அந்தக் கணக்கு தொடங்கிய இடமே என் பொய். லோ ரிஸ்க் என்ற அந்த விடை என் மகளுக்கு உரியதல்ல. இல்லாத ஒரு பெண்ணுக்கு உரியது.

கீரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

“இன்னாங்க, நல்ல சேதிதானே வந்திருக்கு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள் விசாலம். சொன்னேன்.

“வாயை மூடிட்டு இருங்க. கொழந்தை நல்லாப் பொறக்கும். எங்கம்மா நாப்பது வயசுல என் தம்பியைப் பெத்தா.”

“உங்கம்மா ஏழு பெத்தாங்க விசாலம். நாலுதான் நின்னுச்சு.”

அவள் குரல் இறங்கியது. “சம்பந்தியம்மா அங்க வாராவாரம் திருவோணத்துக்கு அர்ச்சனை பண்றாங்க. நான் இங்க மூலத்துக்குப் பண்றேன். சாமி எந்தப் பொண்ணைக் காப்பாத்தும்னு எனக்கே குழப்பமா இருக்குங்க.”

சிரிக்க வேண்டிய பேச்சு. சொல்லிவிட்டு அவள் சாமிப் படத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பேருந்து பிடித்து, மேம்பாலம் முழுக்க அமுதாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன். அவள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தர்ஷினி. மேசையோடு நின்றே சாப்பிடும் கடை. ஓரமாக ஒரு நாற்காலி கிடைத்து அவளை உட்காரவைத்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, “ரிப்போர்ட் பாத்தீங்களா?” என்றாள்.

“நீ கவனிச்சியா?”

“நர்ஸ் வயசு கேட்டப்பவே தெரியும்பா. அவர் என் கையைப் பிடிச்சிட்டு இருந்தாரு. வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா தலை ஞாபகம் வந்துச்சு.”

“டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் தனியாப் போய்ச் சொல்லிடலாமா? பிரகாஷுக்குத் தெரிய வேணாம்...”

“இன்னொரு அஃபிடவிட்டா?”

நான் தலை குனிந்தேன். அவள் இட்லியைத் தொடவில்லை.

“மூணு வருஷத்தை எடுத்துட்டீங்க. எனக்குத்தான் நல்லதுன்னு சொல்லி எடுத்தீங்க. எனக்கு அதுல என்னப்பா கெடைச்சுது? எல்லா இடத்துலயும் பின்னாடி நின்னேன். கடைசியில இதுலயும் பின்தங்கிட்டேன். இப்ப வயித்துல என்ன இருக்குன்னு தெரியாம, லோ ரிஸ்க்னு எல்லாருக்கும் போன் பண்ணிச் சிரிக்கறேன்.”

“நான் என்ன செய்யணும், சொல்லு.”

“நீங்க சொல்லுங்க அவர்கிட்ட. நான் சொன்னா நான் ஏமாத்தினதா ஆகும். நீங்க சொன்னா நீங்க ஏமாத்தினதா ஆகும். அதையாவது எனக்காகப் பண்ணுங்கப்பா.”

அவளை நான் கேட்காமல் செய்த காரியங்கள் நிறைய. அவள் என்னைக் கேட்டது இந்த ஒன்றுதான்.

7

ஞாயிற்றுக்கிழமை நானும் விசாலமும் அவர்கள் குடியிருப்புக்குப் போனோம். பிரகாஷ் அமுதாவுக்காக மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஸ்வீட் எங்க மாமா?” என்றார்.

உட்காராமலே சொன்னேன். பள்ளி, பிரமாணப் பத்திரம், ஜோசியர், சத்தியம், மருத்துவரின் அறையில் வாயை மூடிக்கொண்டது. எதையும் விடவில்லை. அவர் கையில் மாதுளை பாதி உரித்தபடி இருந்தது.

“என்னைவிட ரெண்டு வயசு மூத்தவளா?” என்றார் கடைசியில். “அதெல்லாம் எனக்கு ஒரு மேட்டரே இல்ல மாமா. இத மொதல்லயே சொல்லியிருந்தா சிரிச்சிட்டுக் கட்டிக்கிட்டிருப்பேன்.”

ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது. உடனே அவர் முகம் மாறியது. அவர் எதையோ நினைத்துப் பார்ப்பது தெரிந்தது.

“அந்தக் கொழந்தை போனப்ப, வயசு இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களே. நீங்க பக்கத்துல நின்னீங்க. நான் அழுதேன். நீங்க என் முதுகைத் தட்டிக் குடுத்தீங்க.”

“ஆமாம்.”

“எப்படி முடிஞ்சுது உங்களால?”

அவர் அமுதாவைப் பார்த்தார். “உனக்கும் தெரியும்.”

“சத்தியம் வாங்கினது நான்தான் மாப்ள. அவமேல தப்பு இல்ல.”

“அவ என்ன சின்னப் பொண்ணா சார்?” மாமா போய் சார் வந்துவிட்டது. “ஆமா, சின்னப் பொண்ணாத்தானே ஆக்கி வெச்சிருக்கீங்க. மூணு வயசு கொறைச்சு.”

விசாலம் அழ ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாளுக்கு நேரம் வாங்கினார். “அமுதா, நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம்” என்றார். பிறகு எங்களிடம், “நீங்க கெளம்புங்க” என்றார்.

8

மருத்துவர் யாரையும் திட்டவில்லை என்று அமுதா தொலைபேசியில் சொன்னாள். பேனாவை மூடிவைத்தாராம். அதே ஸ்கேன், அதே இரத்தம், சரியான வயது என்று கணக்கை மறுபடி போடச் சொன்னார். இந்த முறை விடை லோ ரிஸ்க் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்காகக் குழந்தைக்குக் குறை என்று அர்த்தமில்லை, கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம் என்று விளக்கிவிட்டு, தாயின் இரத்தத்திலேயே குழந்தையின் மரபணுவைத் தேடும் இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை விசாலம் பாத்திரம் விழுந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முடிவு நல்லபடியாக வந்தது. பயந்தது எதுவும் தென்படவில்லை. ஆனால் இந்தப் பரிசோதனை சில கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும், முப்பத்தேழு வயதில் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அடிக்கடி வரச் சொன்னார்.

பிரகாஷ் தன் அம்மாவிடம் தானே சொன்னார். சம்பந்தியம்மா அன்று முதல் எங்கள் பெயரை எடுப்பதில்லை. பிரகாஷ் அமுதாவை விட்டுவிடவில்லை. அவளோடு பேசச் சில வாரங்கள் ஆயின. பேசாத நாட்களிலும் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தாராம். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் இரத்தக் கொதிப்பின் அளவை மட்டும் எனக்கு அனுப்பிவந்தார். ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார். அந்த எண் வரும் நாளில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பேன். வந்ததும் விசாலத்திடம் காட்டுவேன். அவள் சாமிப் படத்தைப் பார்ப்பாள்.

எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. போன வாரம் முதல் முறையாக எழுத்தும் வந்தது. “அட்மிட் பண்ணியிருக்கு. அமுதா உங்களைப் பாக்கணும்ங்கறா. வாங்க.”

எட்டாம் மாதம். முகம் வீங்கிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்து, “சாப்ட்டீங்களாப்பா?” என்றாள். கொதிப்பு இன்னும் ஏறினால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் குழந்தையை எடுக்க நேரலாம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம் என்று மருத்துவர் சொன்னார். நேரத்தோடு கண்டுபிடித்தோம், அதனால் கையில் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்றும் சொன்னார். அதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

நண்பர்களே, உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ இரண்டு வயதுகள் இருந்தால், மருத்துவரிடமாவது உண்மையானதைச் சொல்ல விடுங்கள். வயது கூடியதற்காகக் குழந்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதுக்குரிய கவனம் அவளுக்குக் கிடைக்கட்டும். கௌரவம் போகும். என்னுடையது போய்விட்டது. போன பிறகும் காலையில் காப்பி குடிக்க முடிகிறது.

இன்று நடந்ததை எழுதி முடிக்கிறேன். மாலையில் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டுக்கு வெளியே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பிரகாஷ், இன்னொன்றில் அவருடைய பை. நான் சுவரோரமாக நின்றேன்.

“மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க” என்றார், நிமிராமல்.

“நெனைக்கல.”

பிறகு அவரே சொன்னார். “மத்தியானம் கண்ணு மங்கலாத் தெரியுதுன்னா. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஊசி போட்டாங்க. இப்பத்திக்குப் பரவால்லயாம்.” அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. “அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. ஃபிரண்ட்ஸ்கிட்ட சொன்னா ஒண்ணும் ஆவாது மச்சான்ம்பானுங்க. நீங்கதானே இதெல்லாம் படிச்சவரு, பாடம் எடுத்தவரு. சொல்லுங்க. என்னா ஆகும்?”

ஒன்றும் ஆகாது மாப்ள என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

“தெரியல” என்றேன். “ஆபத்துதான். ரெண்டு பேருக்குமே. கொழந்தை ரொம்பச் சின்னதாப் பொறக்கலாம், கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க வேண்டி வரலாம். அதையும் தாண்டி நல்லா வந்த கொழந்தைங்க நெறைய. அதுக்கு மேல எனக்கும் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

உள்ளே யாரோ போவதும் வருவதுமாக இருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தம் கேட்டது, மூடினால் நின்றது. நாங்கள் இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.